ஹம் இல்லாத வீடு

செருப்பைக் கழட்டாதீங்க தம்பி, போட்டுக்கிட்டே வாங்க. எங்க வீட்ல இப்ப அப்படித்தான். பூஜை ரூம்ல மட்டும் கழட்டணும், அங்க ப்ளக் பாயிண்ட் கிடையாது. ரப்பர் செருப்புதானே? ஆங், அப்பச் சரி.

அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. தண்ணி வேணுமா? இருங்க, நானே எடுத்துத் தர்றேன். ஃபிரிட்ஜை நீங்க தொட வேண்டாம். ஒண்ணும் பண்ணிடாதுங்க, சில நேரம் கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பழகாதவங்க திக்குனு ஆயிடுவாங்க. எனக்குப் பழகிடுச்சு.

திருப்பூர்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்கீங்க. சந்தோசம். விளம்பரத்துல போட்டது இதுதான். வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர், பழைய ரேடியோவுக்குள்ள கண்ணாடிக் குழாய் எரியுமே, அந்த வால்வு. கிட்டா, உதிரி உதிரியா வரவழைச்சு நானே கோத்தது. ஒவ்வொரு சோல்டரும் என் கை. வேணும்னா கவுத்துப் பாருங்க, அடியில வயரெல்லாம் தலை சீவி விட்டாப்புல இருக்கும். ஆனா முதல்ல கேளுங்க. பாட்டைப் போடாமக் கேளுங்க. பாட்டைப் போட்டுக் கேக்கறது பெரிசில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வால்யூமை முழுசா ஏத்துங்க. இன்னும் ஏத்துங்க, பயப்படாதீங்க.

ஏதாவது கேக்குதா?

கேக்காது. ஒண்ணுமே கேக்காது. கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குதா இல்லையா? ஹம் இல்லை. ஹம்னா, கரண்டோட அந்த ம்ம்ம்ம்ங்கற இரைச்சல். இந்த ஒண்ணும் இல்லாததுக்கு நான் பட்ட பாடு இருக்குதே, கழட்டிட்டு உக்காருங்க, சொல்றேன். விலைப் பேச்சு அப்புறம்.

எம் பேரு கனகசபாபதி. பம்ப்செட் கம்பெனியில டெஸ்டிங் செக்‌ஷன்ல இருந்து ரிடையரானவன். கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனிக்கா பஞ்சம், ஆனா என்னை மாதிரி காது ஒரு கம்பெனியிலயும் கிடையாது. பெஞ்சுல ஏத்தி மோட்டாரை ஓட விடுவாங்க. மீட்டர் முள் அசையறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன், இது பேரிங், இது ரோட்டார் உரசுது, இதுல காயில் போச்சு கழட்டுன்னு. எனக்குச் சோறு போட்டது இந்தக் காதுதாங்க. அப்படிப்பட்ட காதுக்குள்ள ஹம்மை விட்டுட்டு, கண்டுக்காம இருங்கன்னா எப்படி இருக்கறது? நீங்களே சொல்லுங்க.

எங்கிட்ட வீணைக் கச்சேரி நிறைய இருக்குது. ரேடியோவுல வந்ததை எல்லாம் அந்தக் காலத்துல டேப்புல புடிச்சது. இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கேன். ரிடையரான பிறகு நிம்மதியாக் கேக்கலாம்னுதான் இத்தனையும். தந்தியை மீட்டி விட்டுட்டு அவங்க ஒரு நிமிசம் சும்மா இருப்பாங்க பாருங்க. அந்த நாதம் கரைஞ்சுக்கிட்டே போகும். போயி முடியற எடத்துல என்ன இருக்கணும்? ஒண்ணும் இருக்கக் கூடாது. டேப்போட இரைச்சல் இருக்கலாம், அது தூரத்துல மழை பெய்யற மாதிரி, அதை மன்னிச்சுடலாம். ஆனா எனக்கு அங்க என்ன கேட்டுச்சு தெரியுமா? மோட்டார். ம்ம்ம்ம்னு மோட்டார். வாழ்நாள் பூரா மோட்டார் சத்தத்துல கிடந்துட்டு, வீட்டுக்கு வந்து வீணை கேக்கலாம்னு உக்காந்தா அங்கேயும் மோட்டார்.

முதல் நாளே வேதாவைக் கூப்பிட்டு அவ காதுல வெச்சேன். வேதநாயகி, என் சம்சாரம். கேட்டுட்டு, "பாட்டு நல்லாத்தானே இருக்குது"ன்னா. பாட்டைக் கேக்காத, பாட்டுக்கு அடியில கேளுன்னேன். "அடியில எதுக்குங்க போறீங்க, மேலயே இருங்க"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

வாட்ஸப்புல வால்வு ஆளுங்க குரூப் ஒண்ணு இருக்குது. நீங்களும் இருக்கீங்களா? இல்லையா, நல்லது, சேராதீங்க. ஒருத்தன் வால்வை மாத்துன்னான். மாத்தினேன். ஒருத்தன் வால்வைச் சூடாக்கற ஃபிலமெண்ட் வயர் ரெண்டையும் முறுக்கி மூலையோட கொண்டு போன்னான். அதையும் பிரிச்சு முறுக்கினேன். ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைன்னான் ஒருத்தன். புது ஓட்டை போட்டுத் திருப்பி வெச்சேன். எல்லாம் பண்ணிட்டு மாட்டிக் கேட்டா, ம்ம்ம்ம். சிரிக்குதுங்க அது. என்னைப் பாத்துச் சிரிக்குது.

ஒண்ணு கண்டுபுடிச்சேன். வால்யூம் குமிழைக் கழட்டிட்டா உள்ள இரும்புத் தண்டு இருக்கும். அதை விரலால தொட்டா ஹம் பாதியாக் குறைஞ்சுது. எடுத்தா ஏறுது. ஆனா நானே அதைத் தொட்டுக்கிட்டு உக்காந்தா பாட்டுல மனசு போகுமா? வேதாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். விரலை இதுல வெச்சுக்க, ஒரே ஒரு பாட்டு, எடுத்துறாதன்னேன். உக்காந்தா. எதுத்தாப்புல உக்காந்து விரலை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. பாட்டு அவளுக்குக் கேக்காதே, என் மூஞ்சியைத்தான் பாக்கணும். முடிஞ்சதும் நான் அடுத்ததைப் போட்டேன். அதுவும் முடிஞ்சுது. மூணாவதுல, "எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட நாம இவ்வளவு நேரம் இப்படி உக்காந்ததில்லைங்க"ன்னா. விரலை எடுக்காமப் பேசுன்னேன். நான் எதுக்குச் சொல்றேன்னா, அவ ஒத்துழைக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஒத்துழைச்சா. நியாயத்தைச் சொல்லணும்ல.

அப்புறம் அந்தத் தண்டுக்கு ஒரு வயர் குடுத்து ஆம்ப்ளிஃபயர்ப் பெட்டியோட உடம்புல சோல்டர் வெச்சேன். அந்தப் பாதி ஹம் போயிடுச்சு. மீதிப் பாதி அப்படியே நின்னுச்சு. அதுதான் நிஜமான ஹம். முதல்ல போனது சும்மா அதோட சொந்தக்காரன்.

இனி டெஸ்டிங் செக்‌ஷன் முறைதான்னு முடிவு பண்ணினேன். பெஞ்சுல ஒரு கோளாறு தெரியலைன்னா, லோடை ஒண்ணொண்ணாக் கழட்டணும். எதைக் கழட்டும்போது சத்தம் மாறுதோ அதுதான் ஆளு. அதே மாதிரி வீட்ல ஒண்ணொண்ணா அணைச்சேன். ஃபேன், இன்வெர்ட்டர், மேல் டேங்க் மோட்டார், வாஷிங் மெசின், ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை அணைச்சா உடனே சொல்லிட முடியாதுங்க, கொஞ்சம் ஆற விட்டுத்தான் பாக்கணும். பால் திரிஞ்சு போச்சு, மாவு புளிச்சுப் பொங்கித் தரையெல்லாம் வழிஞ்சுது. நல்ல வெயில் காலம் வேற. வேதா முந்தானையால விசிறிக்கிட்டு வந்து நின்னா. "ஏனுங்க, இன்னும் எதை அணைக்கணும், என்னையும் அணைக்கணுமா?"ன்னா. கொஞ்சம் பேசாம இருன்னேன். அவ பேசினா எனக்கு அந்தக் குறைஞ்ச ஹம்ல வித்தியாசம் புடிபடலை. அதுல இருந்து நான் ஹெட்ஃபோனை மாட்டினா அவ பேசறதில்லை. பழக்கிட்டேன்.

அணைச்சுப் பாத்ததுல ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சுது. ஒரு ஆளு இல்லைங்க, எல்லாரும் கூட்டு. ஒவ்வொண்ணை அணைக்கும்போதும் துளித்துளி குறையுது. குரூப்புல போட்டேன். சேலத்துக்காரர் ஒருத்தர் சொன்னாரு, சார், உங்க வீட்டு எர்த் அழுக்கா இருக்குது, அது வழியாத்தான் வருதுன்னு. எனக்குப் பளிச்சுனு ஆயிடுச்சு.

எர்த் தெரியும்ல உங்களுக்கு? ஒவ்வொரு மூணு பின் பாயிண்ட்ல இருந்தும் ஒரு பச்சை வயர் கெளம்பி மெயின் போர்டுக்கு வரும். அங்க ஒரு செம்புப் பட்டையில எல்லாம் ஒண்ணு சேர்ந்து தரைக்குள்ள போயிடும். ஏதாவது சாமான்ல கரண்ட் கசிஞ்சா ஆளைப் புடிக்காம அந்த வழியா மண்ணுக்குப் போகட்டும்னு வெச்சிருக்கறது. நல்ல ஏற்பாடுதான். ஆனா ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாஷிங் மெசினும் அதுஅது கழிவை அந்த ஒரே வழியிலதான் கொட்டுது. கம்ப்யூட்டரும் அதுலதான் நிக்குது, என் பெட்டியும் அதுலதான் நிக்குது. ஆக மொத்தம் வீட்டுக் கழிவு பூரா என் காதுக்கு வருது. இப்பப் புரியுதா?

பெட்டியோட எர்த்தை மட்டும் எடுத்துடுங்க சார், சரியாயிடும்னு குரூப்புல சொன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. பெட்டிக்குள்ள முன்னூறு வோல்ட் ஓடுது. இரும்புப் பெட்டி. எர்த் இல்லாம அதை வைக்கறதா? டெஸ்டிங் செக்‌ஷன்ல எர்த் மாட்டாம எவனாவது மோட்டாரை ஓட்டினா, இன்னைக்கே வேலையை விட்டு நின்னுக்கன்னு கத்துவேன் நான். வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லி வேதாவுக்கே அது மனப்பாடம். அப்படிப்பட்ட நான் போயி பெட்டியோட எர்த்தைப் புடுங்குவேனா?

அதனால பெட்டிக்கு மட்டும் எர்த்தை விட்டுட்டு, மத்ததை எல்லாம் கழட்டினேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? யோசிச்சுத்தான் பண்ணினேன். எல்லாம் நல்ல கம்பெனிச் சாமான், ஒண்ணும் கசியலை. கசியாத சாமானுக்கு எர்த் எதுக்கு? மெயினை அணைச்சு, பட்டையில இருந்து பச்சை வயரை எல்லாம் உருவி, நுனிக்கு டேப் சுத்தி, கொத்தமல்லிக் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கி வெச்சேன். சுத்தமான வேலை. பெட்டியோட வயர் ஒண்ணு மட்டும் தனியா, ராஜா மாதிரி பட்டையில இருந்துச்சு.

மாட்டிக் கேட்டனுங்க. ஹம் இல்லை. துளி இல்லை. வீணையைப் போட்டேன். நாதம் கரைஞ்சு கரைஞ்சு போயி, அந்த எடம் வந்துச்சு, ஒண்ணுமே இல்லை அங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, சொன்னாச் சிரிப்பீங்க. இதே சேர்லதான் உக்காந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு அந்த ஒண்ணும் இல்லாததையே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

திடீர்னு பாட்டு நின்னு போச்சு. எல்லாம் அணைஞ்சு போச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், எவன்டா ஃபியூஸைப் புடுங்கினதுன்னு எழுந்து போறேன், மெயின் போர்டுகிட்ட மாடி வீட்டு அம்மா நிக்கறாங்க. அவங்கதான் ஓடி வந்து மெயினை அணைச்சிருக்காங்க. அடுப்படியில வேதா தரையில கிடக்கறா. உளுந்து அரைச்சுக்கிட்டு இருந்திருக்கா. கை ஈரம், தரை ஈரம். கிரைண்டர் அவளைத் தூக்கிச் சுவத்துல அடிச்சுப் போட்டிருக்குது. கூப்பிட்டாளாம், ரெண்டு மூணு வாட்டி என்னைக் கூப்பிட்டாளாம். மாடியில இருந்தவங்களுக்குக் கேட்டிருக்குது.

பயந்துட்டேன் தம்பி. அதைச் சொல்லித்தான் ஆகணும். அவ மூஞ்சி வெள்ளையா இருந்துச்சு. வேதா, வேதான்னு சொல்றேன், எனக்கே என் குரல் கேக்கலை.

மத்தபடி பக்கத்து ரூம்ல இருந்த எனக்குக் கேக்கலைன்னு அந்த அம்மா ஒரு மாதிரி பேசினாங்க. எப்படிக் கேக்கும்? காதை மூடற மாதிரி ஹெட்ஃபோன் இது, வெளிச் சத்தம் உள்ள வராது. நல்ல ஹெட்ஃபோன்னா அப்படித்தான் இருக்கணும். நீங்க இப்பப் போட்டுப் பாத்தீங்களே, வாசல்ல பஸ் போனது கேட்டுச்சா? இல்லைல்ல. வேணும்னா இதையும் சேத்துக் குடுக்கறேன்.

மணிக்கட்டுல எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. வேற ஒண்ணும் இல்லை. வந்ததும் முதல் வேலையா கிரைண்டரைப் பிரிச்சேன். நெனச்ச மாதிரியே மோட்டாருக்குள்ள தண்ணி எறங்கி ஒரு எடத்துல உடம்புக்குக் கரண்ட் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்தியா வேதா, கோளாறு இதுலதான்னு எடுத்துக்கிட்டுப் போயிக் காட்டினேன். அவ அதைப் பாக்கலை. எழுந்து நேரா மெயின் போர்டுகிட்ட போனா. கதவைத் திறந்து அந்தப் பச்சைக் கட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்குத்தான் தெரியுமே அது என்னன்னு, நான்தானே சொல்லிக் குடுத்தது.

"பெட்டிக்கு இருக்குதா?"ன்னு கேட்டா. இருக்குதுன்னேன். அதுக்குள்ள முன்னூறு வோல்ட் இருக்குது, அதுக்கு இல்லாம வைக்க முடியாது வேதான்னு பொறுமையா விளக்கினேன். அவ ஒத்தைக் கையால துணியை எடுத்துப் பையில வெச்சா. கோபிச்செட்டிபாளையத்துல அவ தங்கச்சி இருக்கறா, அங்க போறேன்னா. நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்.

கை சரியாகற வரைக்கும் இருப்பா, வந்துடுவான்னு இருந்தேன். கட்டுப் பிரிச்சாச்சு. வரலை. புது கிரைண்டர் வாங்கினேன். அதோ அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காம இருக்குது பாருங்க. ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்குது"ன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான். ஃபோன் பண்ணினா சாப்பிட்டீங்களாங்கறா, வெயில்ல அலையாதீங்கங்கறா, எப்ப வர்றேன்னு கேட்டா, "பாக்கலாங்க"ங்கறா. புது கிரைண்டர் வாங்கியும் ஒருத்தி வரலைன்னா அதுக்கு என்னதாங்க அர்த்தம்?

யோசிச்சு யோசிச்சுத்தான் கண்டுபுடிச்சேன். பெட்டி. அவளுக்கு இந்தப் பெட்டியைக் கண்டா ஆகலை. சக்களத்தி மாதிரி பாக்கறா. சரி, போகட்டும், வித்துடறேன்னு விளம்பரம் போட்டேன். விக்கறேன்னு அவளுக்கும் நேத்தே சேதி அனுப்பிட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்தப் பச்சை வயரையா? இல்லை, இன்னும் மாட்டலை. மாட்டினா ஹம் வந்துடும்ல தம்பி. நீங்க இவ்வளவு தூரம் வர்றீங்க, ஹம்மோட எப்படிக் காட்டறது? அதுவும் இல்லாம, நான் ஒத்தை ஆளு, செருப்புப் போட்டுக்கிட்டு சூதானமாத்தான் இருக்கேன். ஈரக் கையோட எதையும் தொடறதில்லை. அவளும் அப்படி இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லைங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவ போன பிறகு வீடு பூரா அமைதி. இதைத்தானே கேட்டோம், இனி நாள் பூராக் கேக்கலாம்னு உக்காந்தேன். முடியலைங்க. ஹெட்ஃபோனை மாட்டினா உள்ள ஒண்ணும் இல்லை, கழட்டினா வெளியேயும் ஒண்ணும் இல்லை. ரெண்டு பாட்டுக்கு மேல ஓடலை. எனக்கு அவ வேணும் தம்பி. அடுப்படியில ஏதாவது உருட்டிக்கிட்டு இருக்கணும் அவ.

சரி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்கக் கூடாது. உங்களுக்குப் போட்டுக் காட்டும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதைக் குடுக்க மனசு வரலை. உங்க பஸ் காசு, சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. வேதா இப்பக் கூப்பிடுவா, இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவா. பெட்டியை வாங்கிட்டேம்மா, எடுத்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இதைப் பரண்ல வெச்சுக்கறேன். அவ வந்து, மனசு ஆறி, நல்ல நாளாப் பாத்து மெல்ல எறக்கிக்கறேன். யாருக்கு என்ன நட்டம்?

இதோ, அவதான். ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க.

வேதா, திருப்பூர்த் தம்பி வந்திருக்காப்புல, பெட்டியை எடுத்துக்கறாராம், இதோ பேசறாரு. பேசுங்க தம்பி. ஏன் முழிக்கறீங்க, சொல்லுங்க.

என்ன வேதா? பெட்டியை விடு. என்னது? பச்சை வயரா? அது ஆச்சு, மாட்டியாச்சு. ஆமா, எல்லாத்தையும் மாட்டிட்டேன். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? தம்பி பக்கத்துலதான் இருக்காரு, அவரையே கேளு.

தம்பி, உங்களைத்தான் கேக்கறா. என்ன கேக்கறா? ஹம் கேக்குதான்னா? அதை எதுக்குக் கேக்கறா? வேதா, ஹம் எல்லாம் சுத்தமாப் போயிடுச்சு, அவரு காதுலயே வெச்சுப் பாத்துட்டாரு, ஒண்ணுமே இல்லைன்னு... என்ன வேதா, அப்ப மாட்டலையாங்கறியா? தம்பி, நீங்க ஏன் அதுக்கு ஆமாங்கறீங்க? இருங்க. வேதா, இரு, அது அப்படி இல்லை.

கேட்டீங்களா அவ சொல்றதை? எர்த் மாட்டியிருந்தா ஹம் இருக்கணுமாம். ஹம் இல்லைன்னா எர்த் இல்லையாம். எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டா பாருங்க. நான் ஒவ்வொரு தடவை எதையாவது கழட்டி மாட்டும்போதும் அவகிட்டத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன், எல்லாத்தையும் காதுல வாங்கி வெச்சிருக்கா. பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை பாத்தீங்களா? வித்தா என்ன, வெச்சுக்கிட்டா என்னங்கறா. போயி வயரை மாட்டுங்க, நான் லைன்லயே இருக்கேங்கறா. மாட்டிட்டு ஹெட்ஃபோனை ஃபோன்கிட்ட வைக்கணுமாம். அவ காதால கேக்கணுமாம்.

ஃபோன்ல அந்த அடிச் சத்தம் சரியா வராது வேதா. சரி. சரி, வெக்கறேன்.

தம்பி, அந்த ஸ்க்ரூ ட்ரைவரை எடுங்க. மெயினை அணைக்கறேன், நீங்க ஜன்னலைத் திறந்து விட்டு வெளிச்சம் காட்டுங்க. ஃபோனைக் கீழ வெச்சுடாதீங்க, கட்டாயிடப் போகுது. எத்தனை பாடு பட்டு உருவினது. டேப்பு கூட விட மாட்டேங்குது பாருங்க. இது ஃபிரிட்ஜ். இது வாஷிங் மெசின். இது அடுப்படி. ஆமா வேதா, அடுப்படிதான் மாட்டிக்கிட்டு இருக்கேன். நல்லா இறுக்கித்தான் மாட்டறேன். எனக்குச் சொல்லித் தர்றியா நீ?

ஆச்சு. மெயினைப் போட்டாச்சு. வால்வு சூடாகணும், கொஞ்சம் பொறுக்கணும். உள்ள சிவப்பாத் தெரியுதா? தெரியட்டும். கம்ப்யூட்டரையும் போடுங்க.

வந்துடுச்சு. உங்களுக்குக் கேக்குதா? எனக்கு இங்க நின்னே கேக்குது. ம்ம்ம்ம். அப்படியே இருக்குது, ஒரு துளி குறையலை. வால்யூமை ஏத்துங்க, ஏத்தினாத்தான் ஃபோன்ல போகும். ஹெட்ஃபோனோட இந்தக் காதை ஃபோனுக்கு நேரா வைங்க. வேதா, கேக்குதா?

என்ன சொல்றா? ஒண்ணும் சொல்லலையா? லைன்ல இருக்காளா பாருங்க. இருக்கறா. மூச்சு விடறது கேக்குது. அழுகறாளா? வேதா?

இல்லை, நல்லாத்தான் பேசறா. கேக்குதுங்கறா. பொழுதோட பஸ் ஏர்றாளாம். வர்றா தம்பி. வந்துடறா.

ஆனா பெட்டியை விக்கக் கூடாதாம். பரண்லயும் வைக்கக் கூடாதாம். வந்ததும் முதல்ல இதைத்தான் காதுல மாட்டுவாளாம். தினமும் காலையில இதைக் கேட்டுட்டுத்தான் கிரைண்டரைத் தொடுவாளாம். நான் சொன்னேன், வேதா, மாட்டியாச்சுன்னு நான் சொல்றேன்ல, அதுக்கு மேல என்ன வேணும்னேன். "நீங்க சொன்னீங்கதான், அரைமணி நேரம் முன்னாடியும் சொன்னீங்க"ன்னா. என்னை நம்பலைங்க. இத்தனை வருசம் கூட இருக்கறவன் சொன்னா நம்ப மாட்டாளாம், இந்தச் சனியன் சொன்னா நம்புவாளாம்.

அவ வந்து சேர்ற வரைக்கும் அணைக்கவும் கூடாதாம். சும்மா வால்வு எரிஞ்சுக்கிட்டு இருக்குமேன்னேன்.

எரியட்டும்னுட்டா.